நமது நாட்டு நரியும் புல்வெளிக் குறுநரியும்
க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்: மீட்டற் பாடம்

பாட நோக்கம்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் மாணவர்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவர்களாக இருத்தல் வேண்டும்.

(அ) இலங்கையில் வாழும் நரியைச் சரியாக இனங்கண்டு பாகுபடுத்தல்.
(ஆ) அதன் உடலமைப்பு, உணவு, வாழ்க்கை முறை ஆகியவற்றை விளக்குதல்.
(இ) வயல்வெளிச் சூழற்றொகுதியில் அதன் பங்கை உணவு வலையின் மூலம் எடுத்துக்காட்டல்.
(ஈ) இந்தியப் புல்வெளிகளில் வாழும் குறுநரியுடன் அதனை ஒப்பிடுதல்.
(உ) விலங்குக் கடியின் பின்னர் செய்யவேண்டிய முதலுதவியைக் கூறுதல்.

1. அறிமுகம்

மாணவர்களே, மட்டக்களப்பு நகரின் நடுவே வாவியால் சூழப்பட்டுள்ள புளியந்தீவை நீங்கள் அறிவீர்கள். ஒல்லாந்தர் கோட்டையும் அரச அலுவலகங்களும் பாடசாலைகளும் நெருங்கி அமைந்துள்ள இப்பகுதியில் காட்டு விலங்குகளைக் காண்பது அரிது. ஆனால் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் செல்லுங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல்கள், பற்றைக் காடுகள், குளக்கட்டுகள், மேய்ச்சல் தரைகள் எனக் காட்சி மாறிவிடும். இத்தகைய வெளிகளில் மாலை மங்கும் நேரத்தில் ஒரு விலங்கு ஊளையிட, தொலைவிலிருந்து மற்றொன்று பதில் கொடுப்பதைக் கிராமத்து மாணவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த விலங்கே நரி.

பாட்டி வடை சுட்ட கதை முதல் நாம் நரியைக் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். எனினும் பரீட்சையில் நரியைப் பற்றி நான்கு வசனங்கள் எழுதச் சொன்னால் "தந்திரமான விலங்கு" என்பதற்கு மேல் பலரால் எழுத முடிவதில்லை. கதையில் வரும் நரி வேறு, வயலில் வாழும் நரி வேறு. இப்பாடம் இரண்டாவது நரியைப் பற்றியது.

2. பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் "நரி" என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு விலங்குகள் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றுக்கு "ஜக்கல்" என்றும் "பொக்ஸ்" என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாணவர்கள் பலர் ஆங்கிலக் கதைகளில் வரும் "பொக்ஸ்" என்பதே நம் நாட்டு நரி என நினைத்துவிடுகின்றனர். இது தவறாகும்.

இலங்கையில் இயற்கையாக வாழும் நரி "ஜக்கல்" வகையைச் சேர்ந்தது. இது பொன்னிற நரி எனவும் அழைக்கப்படும். "பொக்ஸ்" வகையைச் சேர்ந்த எந்த இனமும் இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. உண்மையில், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகளில் இலங்கையில் வாழும் ஒரேயோர் இனம் இந்த நரியே. ஓநாயோ செந்நாயோ இங்கு இல்லை.

ஈசாப்பின் கதைகளில் திராட்சைப் பழத்துக்கு ஆசைப்படும் விலங்கு "பொக்ஸ்" ஆகும். பஞ்சதந்திரக் கதைகளில் வரும் கரடகன், தமனகன் ஆகிய இருவரும் "ஜக்கல்" வகையினர். இரண்டையும் தமிழில் நரி என்றே படிக்கின்றோம். எனவே மொழிபெயர்ப்பில் குழப்பம் ஏற்பட்டதில் வியப்பில்லை. இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே விஞ்ஞானப் பெயர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

3. பாகுபாடு

இலங்கை நரியின் பாகுபாட்டு நிலைகள் வருமாறு.

இராச்சியம்: அனிமாலியா
கணம்: கோடேற்றா
வகுப்பு: மமேலியா (முலையூட்டிகள்)
வருணம்: காணிவோரா
குடும்பம்: கனிடே
சாதி: கனிஸ்
இனம்: கனிஸ் ஓரியஸ்

இவ்விருசொற் பெயரை 1758 ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கரோலஸ் லினேயஸ் ஆவார். "ஓரியஸ்" என்ற இலத்தீன் சொல்லின் பொருள் பொன்னிறமானது என்பதாகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் துணையினத்துக்கு "நாரியா" என்ற மூன்றாவது சொல்லும் சேர்க்கப்படுகின்றது. தமிழில் நரி என்றும் சிங்களத்தில் நரியா என்றும் நாம் அழைக்கும் பெயரோடு அது ஒத்திருப்பதைக் கவனியுங்கள்.

வீட்டு நாயும் ஓநாயும் இதே கனிஸ் சாதியைச் சேர்ந்தவை. இம்மூன்றிலும் கலமொன்றில் உள்ள நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை 78 ஆகும். ஆகவே நரி நாய்க்கு நெருங்கிய உறவினம். குறுநரிகளோ வல்பிஸ் என்ற வேறொரு சாதியைச் சேர்ந்தவை.

பாகுபாடு என்பது ஒருமுறை எழுதி முடித்த பட்டியல் அன்று. ஆபிரிக்காவில் வாழும் "பொன்னிற நரியும்" ஆசியாவில் வாழும் பொன்னிற நரியும் ஒரே இனம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, ஆபிரிக்க விலங்கு தனியான ஓர் இனம் எனவும் அது ஓநாய்க்கு நெருங்கியது எனவும் காட்டியது. புதிய சான்று கிடைக்கும்போது பழைய முடிவு மாற்றப்படுவது விஞ்ஞானத்தின் இயல்பாகும்.

பரீட்சைக் குறிப்பு: விஞ்ஞானப் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவும், இனப் பெயர் முழுவதும் சிறிய எழுத்துகளாலும் அமைதல் வேண்டும். கையால் எழுதும்போது இரு சொற்களின் கீழும் தனித்தனியே கோடிடல் வேண்டும். ஒரே கோடாக இழுப்பது பிழையாகும்.

4. உடலமைப்பும் இசைவாக்கமும்

இலங்கை நரி நடுத்தர அளவுள்ள நாயை விடச் சிறியது. இதன் நிறை பொதுவாக 5 முதல் 9 கிலோகிராம் வரை இருக்கும். தலையும் உடலும் சேர்ந்த நீளம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். உரோமம் மங்கிய பொன்னிறமும் சாம்பலும் கலந்தது. முதுகில் கருமை கூடியிருக்கும். கால்கள் செம்பழுப்பு நிறமானவை. வாலின் நுனி கருமையானது.

நரியிடம் காணப்படும் முக்கிய இசைவாக்கங்கள்:

(i) கால்கள்: உடலின் அளவுக்கு நீண்டு மெலிந்தவை. விரல்களை ஊன்றி நடப்பதால் நெடுந்தூரம் களைப்பின்றி ஓட முடிகின்றது. பூனைகளைப் போல நகங்களை உள்ளிழுக்க முடியாது. ஆகவே ஈரமண்ணிற் பதியும் நரியின் அடிச்சுவட்டில் நகக் குறிகளும் தெரியும்.

(ii) காதுகள்: நிமிர்ந்தவை. புல்லுக்குள் ஓடும் எலியின் சிற்றொலியையும் கேட்க உதவுகின்றன.

(iii) மோப்ப சக்தி: நீண்ட மூக்குப் பகுதியில் மணத்தை உணரும் மேற்பரப்பு அதிகம். இரையைத் தேடவும், மற்றைய நரிகள் விட்டுச் சென்ற சிறுநீர் அடையாளத்தை அறியவும் இது பயன்படும்.

(iv) பற்கள்: மொத்தம் 42. மேல்தாடையின் ஒரு பாதியில் வெட்டும் பற்கள் 3, வேட்டைப்பல் 1, முன்கடைவாய்ப் பற்கள் 4, கடைவாய்ப் பற்கள் 2. கீழ்த்தாடையின் ஒரு பாதியில் முறையே 3, 1, 4, 3. ஆகவே (10 + 11) × 2 = 42. கூரிய வேட்டைப்பற்கள் இரையைப் பற்றிக்கொள்ள உதவும். மேல் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ் முதலாம் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் போன்று இறைச்சியை வெட்டும். பின்னுள்ள கடைவாய்ப் பற்கள் பழம், தானியம், பூச்சி முதலியவற்றை அரைக்கும்.

(v) வெப்பச் சீராக்கம்: நாயைப் போன்று வாயைத் திறந்து விரைவாக மூச்சுவிடுவதன் மூலம் உடல் வெப்பத்தை இழக்கின்றது. வெயில் கடுமையான பகல் வேளையில் பற்றைகளின் நிழலிலோ வளையிலோ படுத்திருக்கும். அதிகாலையிலும் மாலையிலும் இரவிலும் உலாவும்.

5. வாழிடம்

பொன்னிற நரி தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தென்னாசியா ஊடாகத் தென்கிழக்காசியா வரை பரந்துள்ளது. பாலைநிலம், புல்வெளி, பற்றைக்காடு, வயல்வெளி, கிராமத்து ஓரம் எனப் பலவகை வாழிடங்களில் வாழக்கூடியது. இலங்கையின் உலர்வலயத்திற்கு இது நன்கு பொருத்தமான விலங்காகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கரையோரங்களில் கண்டற்காடுகளும் சதுப்புநிலங்களும் காணப்படுகின்றன. மேற்கே வயல்களும் அதற்கப்பால் குளங்களும் காடுகளும் உள்ளன. ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கும். அப்போது எலிகள், தவளைகள் முதலியன வரப்புகளுக்கும் மேட்டுநிலங்களுக்கும் ஏறிவிடும். இவ்வாறு இரை ஒதுங்கும் மேடுகளே நரி போன்ற விலங்குகளுக்கும் புகலிடமாகின்றன. பெரும்போக அறுவடையின் பின்னர் வயல் வெட்டவெளியாகும்போது சிந்திய நெல்லைத் தேடி எலிகள் வெளிவரும். எலியைத் தேடி நரி வரும். பருவகாலமும் வேளாண்மையும் ஒரு காட்டு விலங்கின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

6. உணவும் உணவு வலையும்

நரி காணிவோரா வருணத்தைச் சேர்ந்தது. ஆயினும் அது இறைச்சியை மட்டும் உண்பதில்லை. எலி, முயல், நிலத்திற் கூடுகட்டும் பறவைகள், முட்டைகள், ஓணான், தவளை, நண்டு, பூச்சிகள் ஆகியவற்றோடு பழங்களையும் உண்ணும். இறந்த விலங்குகளின் உடலையும் உண்ணும். கூட்டமாகச் சேரும்போது மான்குட்டி போன்ற பெரிய இரையையும் வேட்டையாடக்கூடும். ஆகவே உணவுப் பழக்கத்தின்படி நரி ஓர் அனைத்துமுண்ணி ஆகும். வருணத்தின் பெயரைப் பார்த்து "ஊனுண்ணி மட்டுமே" என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

படுவான்கரை வயல்வெளி ஒன்றில் அமையக்கூடிய உணவுச் சங்கிலிகள் சில:

சங்கிலி 1: நெல் → எலி → நரி
சங்கிலி 2: நெல் → வெட்டுக்கிளி → தவளை → நரி
சங்கிலி 3: இலந்தைப் பழம் → நரி

சங்கிலி 1 இல் நரி இரண்டாம் நுகரி. சங்கிலி 2 இல் மூன்றாம் நுகரி. சங்கிலி 3 இல் முதலாம் நுகரி. ஒரே அங்கி வெவ்வேறு போசணை மட்டங்களில் இருக்கலாம் என்பதை இது காட்டுகின்றது. இச்சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது உணவு வலை கிடைக்கும்.

ஒரு போசணை மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏறத்தாழ 10% சக்தியே கடத்தப்படுகின்றது எனக் கொள்வோம். நெல்லில் 10 000 கிலோயூல் சக்தி உள்ளதென எடுத்துக்கொண்டால்,

சங்கிலி 1: நெல் 10 000 → எலி 1000 → நரி 100 கிலோயூல்
சங்கிலி 2: நெல் 10 000 → வெட்டுக்கிளி 1000 → தவளை 100 → நரி 10 கிலோயூல்

சங்கிலி நீளும்போது இறுதி நுகரிக்குக் கிடைக்கும் சக்தி குறைகின்றது. எஞ்சிய சக்தி சுவாசத்தின்போது வெப்பமாகவும், சமிபாடடையாத கழிவாகவும், உண்ணப்படாத பகுதிகளாகவும் இழக்கப்படுகின்றது. ஒரு வயல்வெளியில் எலிகள் ஏராளமாகவும் நரிகள் மிகச் சிலவாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

கவனிக்க: இறந்த உடலை நரி உண்பதால் அதனைப் பிரிகையாக்கி என எழுதக்கூடாது. பற்றீரியாவும் பங்கசும் பிரிகையாக்கிகளாகும். நரி இறந்த உடலை உண்ணும் ஒரு நுகரி மட்டுமே.

நரியின் சூழலியற் பயன்கள்:

(i) நெற்பயிரை அழிக்கும் எலிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த உதவல்.
(ii) இறந்த விலங்குகளை உண்டு சூழலைத் துப்புரவாக்கல்.
(iii) பழங்களை உண்டு விதைகளை எச்சத்துடன் வேறிடங்களுக்குப் பரப்பல்.

7. குடும்ப வாழ்க்கை

நரி பொதுவாக இணையாக வாழும் விலங்கு. ஆணும் பெண்ணும் நீண்டகாலம் சேர்ந்திருந்து ஒரு நிலப்பரப்பைத் தமக்கெனக் காத்துக்கொள்ளும். எல்லையைச் சிறுநீரால் அடையாளமிடும். ஊளையிடுதல் இணையைத் தொடர்புகொள்வதற்கும், "இவ்விடம் எமக்குரியது" என அயற் குடும்பத்துக்கு அறிவிப்பதற்கும் உதவுகின்றது.

கருப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். இது நாயின் கருப்பகாலத்தை ஒத்தது. தாய் மண்வளையிலோ, கைவிடப்பட்ட முள்ளம்பன்றி வளையிலோ, அடர்ந்த பற்றையின் கீழோ குட்டிகளை ஈனும். பிறக்கும்போது குட்டிகளின் கண்கள் மூடியிருக்கும். ஏறத்தாழ பத்து நாட்களின் பின்னரே திறக்கும். முதலில் தாய்ப்பாலையும் பின்னர் பெற்றோர் உண்டு கக்கிக் கொடுக்கும் உணவையும் குட்டிகள் உண்ணும்.

முந்திய ஆண்டிற் பிறந்த குட்டிகளிற் சில பெற்றோருடனேயே தங்கி, புதிய குட்டிகளுக்கு உணவு கொண்டுவருவதும் காவல் காப்பதும் உண்டு. மூத்த அக்காவும் அண்ணாவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது போன்றதே இது. "நரி சுயநலம் மிக்கது" என்று சொல்லும் கதைகள் இந்த உண்மையை மறைத்துவிடுகின்றன.

8. புல்வெளிக் குறுநரி

பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவில், வல்பிஸ் பெங்காலென்சிஸ் என்னும் குறுநரி வாழ்கின்றது. தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் இதனை வங்காநரி என்பர். இமயமலை அடிவாரம் முதல் தென்னிந்தியா வரையும், நேபாளம், பாக்கிஸ்தான், பங்களாதேசம் ஆகிய நாடுகளிலும் காணப்படுகின்றது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே உலகில் வேறெங்கும் இது இல்லை.

இது அடர்ந்த காட்டை விரும்புவதில்லை. குட்டையான புல்லும் முட்செடிகளும் உள்ள வறண்ட வெளிகளே இதன் வாழிடம். பல வாய்களைக் கொண்ட வளைகளைத் தோண்டிப் பகலில் அங்கே தங்கும். அந்தி சாய்ந்ததும் வெளியே வந்து வெட்டுக்கிளி, வண்டு, கறையான், எலி, ஓணான், சிறு பறவை, இலந்தைப் பழம் ஆகியவற்றைத் தேடி உண்ணும். துரத்தப்படும்போது வேகமாகத் திசைமாறி ஓடும். அவ்வேளை அதன் அடர்ந்த வால் உடற் சமநிலையைப் பேண உதவும்.

இரு விலங்குகளையும் ஒப்பிடும் அட்டவணை:

| அம்சம் | இலங்கை நரி | வங்காநரி |
|---|---|---|
| சாதி | கனிஸ் | வல்பிஸ் |
| நிறை | 5 – 9 கிலோகிராம் | ஏறத்தாழ 2 – 4 கிலோகிராம் |
| கண்மணி | வட்டமானது | நிலைக்குத்தான பிளவு போன்றது |
| வால் | ஒப்பளவிற் குட்டையானது | நீண்டு அடர்ந்தது, நுனி கருமை |
| விரும்பும் வாழிடம் | பலவகை | குட்டைப் புல்வெளி, முட்புதர் |
| கருப்பகாலம் | ஏறத்தாழ 63 நாட்கள் | ஏறத்தாழ 50 – 53 நாட்கள் |
| இலங்கையில் | உண்டு | இல்லை |

வங்காநரிக்கு ஏற்பட்ட ஒரு சோதனையையும் இங்கே அறிந்துகொள்ளல் பயனுடையது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதியின் சில கிராமங்களில் காணும் பொங்கலன்று வங்காநரியை வலைவிரித்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து ஓடவிடும் வழக்கம் இருந்து வந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். நரியைக் கொல்லும் எண்ணம் மக்களுக்கு இல்லை; பின்னர் காட்டில் விட்டுவிடுவர். எனினும் பிடிபடுதலும் கூச்சலும் விலங்குக்குக் கடும் துன்பம் தருவன. வங்காநரி இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. ஆகவே வனத்துறையினர் இவ்வழக்கத்தைத் தடைசெய்து, மீறுவோருக்கு அபராதமும் விதித்து வந்துள்ளனர். மரபின் மீதுள்ள மதிப்பும் உயிரின் மீதுள்ள இரக்கமும் முரண்படும்போது எதனை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி இங்கே எழுகின்றது. நம்பிக்கையை நேரடியாக இகழாமல் விளக்கத்தால் மாற்றுவதே நிலைத்த பயன் தரும்.

9. அச்சுறுத்தல்கள்

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செந்தரவுப் பட்டியலில் பொன்னிற நரியும் வங்காநரியும் "குறைந்த கவலைக்குரிய" இனங்களாக உள்ளன. இதன் பொருள் அவை உலகளவில் அழியும் தறுவாயில் இல்லை என்பதே. ஒவ்வோர் ஊரிலும் அவை பத்திரமாக உள்ளன என்பது அன்று. முக்கிய அச்சுறுத்தல்கள் வருமாறு.

(i) வாழிட இழப்பு: பற்றைக் காடுகளும் புல்வெளிகளும் "வெறும் தரிசு" எனக் கருதப்பட்டு அழிக்கப்படுகின்றன. புல்வெளியும் ஒரு சூழற்றொகுதியே. மரம் இல்லாத நிலமெல்லாம் பயனற்ற நிலம் அன்று.

(ii) நஞ்சு: எலிக்கு வைக்கும் நஞ்சு எலியின் உடலூடாக நரிக்குச் சென்றடையும். எலியை ஒழிக்க நாம் வைத்த நஞ்சு, எலியை இயற்கையாகவே உண்ணும் விலங்கையும் அழித்துவிடுகின்றது.

(iii) வீதி விபத்து: இரவில் வீதியைக் கடக்கும்போது வாகனங்களில் அடிபடுகின்றன.

(iv) கட்டாக்காலி நாய்கள்: நாய்கள் நரிகளைத் துரத்துவதுடன் விசர், டிஸ்டெம்பர் போன்ற நோய்களையும் பரப்புகின்றன. நாய்கள் உலாவும் இடத்தில் குறுநரிகள் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கின்றன என்பது இந்தியப் புல்வெளி ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. நகரத்தில் நாம் திறந்த வெளியிற் கொட்டும் குப்பையால் நாய்கள் பெருகுகின்றன. எனவே நகரத்துக் குப்பைக்கும் காட்டு நரிக்கும் தொடர்பு உண்டு.

10. விசர் நோயும் முதலுதவியும்

இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். இது உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடிய பகுதியாகும்.

விசர் நோய் அல்லது நீர்வெறுப்பு நோய் வைரசினால் ஏற்படுவது. முலையூட்டிகள் மட்டுமே இந்நோய்க்கு ஆளாகும். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள வைரசு, கடி அல்லது கீறல் மூலம் உடலுட் புகுந்து நரம்புகள் வழியே மூளையை அடைகின்றது. இலங்கையில் இந்நோயைப் பரப்பும் முதன்மை விலங்கு நாயே. எனினும் நரி, கீரி, பூனை முதலிய விலங்குகளின் கடியும் ஆபத்தானது.

கடிபட்ட பின் நோய் அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வாரத்திலும் தோன்றலாம். ஓராண்டு வரை செல்லவும் கூடும். அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைப்பது மிகமிக அரிது. ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றினால் இந்நோயை முற்றாகத் தடுக்கலாம். காயம் ஆறிவிட்டது என்று எண்ணி வாளாவிருப்பவர்களே பேராபத்தில் உள்ளவர்கள்.

ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்யுங்கள். வயற்காவலுக்குச் சென்ற உங்கள் தம்பியின் காலில் ஒரு நரி கடித்துவிட்டு ஓடிவிட்டது. இரண்டு பற்குறிகளே உள்ளன. இரத்தம் அதிகம் இல்லை. அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கின்றார். அயலவர் ஒருவர், "சின்னக் காயம்தானே, மஞ்சள் பூசிவிடு" என்கின்றார். நீங்கள் என்ன செய்யவேண்டும்?

(i) காயத்தை உடனடியாகச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் நன்கு கழுவவும்.
(ii) கிருமிநீக்கி இருந்தால் இடவும்.
(iii) மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதனையும் பூசவேண்டாம்.
(iv) காயத்தை இறுகக் கட்டவேண்டாம்.
(v) தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவும். அங்கே இதற்கான தடுப்பூசி இலவசமாக ஏற்றப்படுகின்றது.
(vi) கடித்த விலங்கு எது என்பதையும் அது நடந்துகொண்ட விதத்தையும் வைத்தியரிடம் கூறவும்.

வீட்டு நாய் அல்லது பூனை கடித்தால் அவ்விலங்கைப் பத்து நாட்கள் அவதானிக்குமாறு கூறப்படுவதுண்டு. காட்டு விலங்குக்கு இந்த விதி பொருந்தாது. மனிதரைக் கண்டு அஞ்சாமல் பகலில் தள்ளாடித் திரியும் நரியை அணுகவேண்டாம். தனித்துக் கிடக்கும் நரிக்குட்டியை வீட்டுக்குத் தூக்கிவரவும் வேண்டாம். அதன் தாய் அருகில் இருக்கலாம்.

விசர் நோய்க்கான தடுப்பூசியை லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் திகதி யோசேப் மைஸ்ரர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றினார். சிறுவன் உயிர் பிழைத்தான். பாஸ்டரின் நினைவு நாளான செப்ரெம்பர் 28 உலக விசர் நோய் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.

11. நம்பிக்கையும் உண்மையும்

நரிக்கூட்டத்தின் தலைவனுக்குத் தலையில் சிறு கொம்பு உண்டென்றும், அதனை வைத்திருப்போருக்கு எண்ணியது கைகூடும் என்றும் ஒரு நம்பிக்கை தமிழர், சிங்களவர் இருசாராரிடமும் இருந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் ரெனென்ற், 1861 இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாற்று நூலில் இந்த நரிக்கொம்பு பற்றிக் குறிப்பிட்டுள்ளார். விஞ்ஞானத்தின்படி நாய்க் குடும்ப விலங்குகளுக்குக் கொம்பு இல்லை. மாடு, ஆடு போன்ற குளம்புள்ள விலங்குகளுக்கே கொம்பு உண்டு. நரிக்கொம்பு எனச் சந்தைகளில் விற்கப்படுபவை தோல், எலும்பு, உரோமம் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் போலிப் பொருட்களாகும். இதற்காக நரிகள் கொல்லப்படுவதே இந்த நம்பிக்கையின் உண்மையான விளைவு.

நரி ஊளையிட்டால் ஊருக்குத் தீங்கு வரும் என்பதும் ஆதாரமற்றது. தன் இணையை அழைக்கும் ஒரு விலங்கின் குரல் அது.

12. நினைவிற் கொள்க

● இலங்கையில் வாழும் ஒரே காட்டு நாயினம் நரி (கனிஸ் ஓரியஸ்).
● வருணம் காணிவோரா. உணவுப் பழக்கம் அனைத்துமுண்ணி.
● பற்கள் 42, நிறமூர்த்தங்கள் 78, கருப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள்.
● வங்காநரி (வல்பிஸ் பெங்காலென்சிஸ்) இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியது, இலங்கையில் இல்லை.
● நரி நுகரியே, பிரிகையாக்கி அன்று.
● கடிபட்டால்: கழுவு, தாமதியாதே, வைத்தியசாலைக்குச் செல்.

13. பயிற்சி வினாக்கள்

பகுதி அ: சரியான விடையைத் தெரிவுசெய்க.

1. நரியும் வீட்டு நாயும் பொதுவாகக் கொண்டிராத பாகுபாட்டு நிலை எது?
(1) வகுப்பு (2) குடும்பம் (3) சாதி (4) இனம்

2. நெல் → வெட்டுக்கிளி → தவளை → நரி என்னும் சங்கிலியில் தவளை,
(1) உற்பத்தியாக்கி (2) முதலாம் நுகரி (3) இரண்டாம் நுகரி (4) மூன்றாம் நுகரி

3. விசர் நோயை ஏற்படுத்துவது,
(1) பற்றீரியா (2) வைரசு (3) பங்கசு (4) புரற்றோசோவா

4. ஈரமண்ணில் காணப்பட்ட அடிச்சுவடொன்றில் நகக் குறிகள் தெளிவாகப் பதிந்திருந்தன. அது பெரும்பாலும் எவ்விலங்கினதாக இருக்கலாம்?
(1) காட்டுப்பூனை (2) சிறுத்தை (3) நரி (4) மீன்பிடிப்பூனை

பகுதி ஆ: அமைப்புக் கட்டுரை வினா

ஒரு கிராமத்து விவசாயிகள் எலித்தொல்லையை நீக்குவதற்காக வயலெங்கும் எலி நஞ்சை வைத்தனர். முதலில் எலிகள் குறைந்தன. சில மாதங்களின் பின்னர் எலிகள் முன்னரிலும் அதிகமாகப் பெருகின.

(i) இவ்வயலுக்குப் பொருத்தமான உணவுச் சங்கிலி ஒன்றை எழுதுக.
(ii) நஞ்சு நரியின் உடலைச் சென்றடைந்த விதத்தை விளக்குக.
(iii) எலிகள் மீண்டும் பெருகியமைக்கான காரணத்தைத் தருக.
(iv) சூழலுக்குத் தீங்கற்ற எலிக்கட்டுப்பாட்டு முறைகள் இரண்டு கூறுக.

விடைக் குறிப்புகள்

பகுதி அ: 1 – (4), 2 – (3), 3 – (2), 4 – (3)

பகுதி ஆ:
(i) நெல் → எலி → நரி. (அம்புக்குறி உண்ணப்படும் அங்கியிலிருந்து உண்ணும் அங்கியை நோக்கி அமைதல் வேண்டும்.)
(ii) நஞ்சை உண்ட எலிகளை நரி உண்டமையால் நஞ்சு உணவுச் சங்கிலியூடாக நரியின் உடலை அடைந்தது.
(iii) எலியை உண்ணும் நரி போன்ற இரைகௌவிகள் நஞ்சினால் இறந்தன. எலிகள் குறுகிய காலத்தில் பல குட்டிகளை ஈனும். நரிகள் மெதுவாகவே பெருகும். ஆகவே எஞ்சிய எலிகள் கட்டுப்பாடின்றிப் பெருகின.
(iv) பொறிகள் வைத்தல்; வரப்புகளைத் துப்புரவாக வைத்திருத்தல்; ஆந்தைகள் வந்து அமர்வதற்குத் தடிகள் நடுதல்; அயல் வயல்களில் ஒரே காலத்தில் விதைத்து அறுவடை செய்தல். (ஏதேனும் இரண்டு)

செயற்பாடு: உங்கள் ஊரில் அல்லது உறவினர் வாழும் ஊரில் உள்ள முதியோர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் நரி ஊளையை எங்கே கேட்டார், இப்போது எங்கே கேட்கின்றார் என வினவுங்கள். விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்து வகுப்பிற் சமர்ப்பியுங்கள். நரி விட்டுச் சென்ற இடங்களில் இப்போது என்ன இருக்கின்றது என்பதையும் அருகில் எழுதுங்கள்.